‘என் சரித்திரம்’ காட்டும் பிள்ளைமையும் தன்னறிவும்

தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுதோறும் தவறாமல் எழுதப்பெறும் கட்டுரை ஒன்று உண்டு. ‘நான்’ என்றோ ‘என் இலட்சியம்’ என்றோ அதற்குத் தலைப்புத் தருவோம். முப்பது ஆண்டுகளாக அக்கட்டுரைகளைத் திருத்தி வருகின்றேன். ஒரு வகுப்பின் ஏடுகளை அடுக்கி வைத்துப் படித்தால், பாதிப் பிள்ளைகள் மருத்துவராகி ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்ப்பார்கள். மீதிப் பிள்ளைகள் வழக்கறிஞராகவும் பொறியியலாளராகவும் ஆகிப் பெற்றோருக்கும் நாட்டிற்கும் பெருமை சேர்ப்பார்கள். எழுத்துப் பிழைகள்தாம் ஏட்டுக்கு ஏடு வேறுபடும், எண்ணம் வேறுபடுவதில்லை. பெயரை மறைத்துவிட்டால் எந்த ஏடு எந்தப் பிள்ளையுடையது என்று சொல்ல என்னாலும் இயலாது. ‘நான்’ என்று தொடங்கும் கட்டுரையில் அந்தப் பிள்ளையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இக்குறை பிள்ளைகளுடையது அன்று. ஒருவன் தன்னை இன்னான் என்று எவ்வாறு அறிந்துகொள்கிறான்? பிள்ளைப் பருவத்தில் அவன் உள்ளம் எதை நாடி ஓடியதோ அதனாலா? வீடும் ஊரும் அவனுள் ஊன்றிய பண்புகளாலா? அல்லது பெரியவர்கள் அவனுக்கென வகுத்துத் தந்த வழியாலா? பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் பயின்ற நாளில் இவ்வினாவுக்கு எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட ‘குழந்தைப் பருவமும் சமுதாயமும்’ என்னும் நூலிலிருந்து விடை எழுதித் தேர்ச்சி பெற்றேன். எனினும், அவ்விடை எனக்கு உயிருள்ள பொருளாகப் புலப்பட்டது டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தைப் படித்த பின்னரே ஆகும்.

அந்நூலைப் பெரும்பாலோர் பதிப்பு வரலாற்றுக்குரிய சான்றாகவே போற்றுவர். ஏட்டுச் சுவடிகள் அச்சேறிய கதையாக அதனைப் படிப்பதில் தவறொன்றும் இல்லை. ஆயினும், ஒரு பிள்ளை தன்னைத்தான் கண்டுகொண்ட கதையாகவும் அது விளங்குகிறது என்பதையும், அவ்வாறு கண்டுகொள்வதில் வேட்கைக்கும் வளர்ப்புக்கும் உள்ள பங்கு யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலின் அமைப்பு

1940ஆம் ஆண்டு ஜனவரியில் ‘ஆனந்த விகட’னில் இந்நூல் தொடராக வெளிவரத் தொடங்கியபோது ஐயரவர்களுக்கு வயது எண்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அவர் மறையும் வரை தொடர்ந்து, 122 இயல்களோடு முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. நூல் வடிவம் பெற்றது 1950இல். எண்பதைக் கடந்த ஒருவர் எழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட தம் பிள்ளைப் பருவத்தைச் சொல்லும்போது, பின்னால் பெற்ற புகழின் ஒளியைப் பிள்ளைப் பருவத்தின் மேல் பாய்ச்சிவிடுவது இயல்பு. ‘அன்றே தெரிந்தது’ என்று எழுதத் தூண்டும் ஆசை எளிதில் அடங்குவதன்று. ஐயரவர்கள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. இந்நூலின் முதற்சிறப்பு அதுவே என்பது என் கருத்து.

நூலின் தொடக்கத்தை நோக்குக. ‘நான் பிறந்தேன்’ என்று அவர் தொடங்கவில்லை. உத்தமதானபுரம் என்னும் ஊர் தோன்றிய வரலாற்றோடு தொடங்குகிறார். அரசர் ஒருவர் ஏகாதசி நோன்பன்று மறந்து தாம்பூலம் தரித்துவிட்டதற்குக் கழுவாயாக அவ்வூரை அந்தணர்க்குத் தானமாகத் தந்த செய்தியைச் சொல்கிறார். பின்பு முன்னோர், பின்பு பாட்டனார், அதன்பின் தந்தையாருக்கு இசை கற்பித்த கனம் கிருஷ்ணையர், அதன்பின் தந்தையாரின் குருகுல வாழ்க்கை. இவ்வாறு பல இயல்கள் கடந்த பின்னரே, 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் சூரியமூலை என்னும் ஊரில் தம் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் அவர் பிறக்கிறார்.

தன்வரலாற்று நூலொன்றில் நாயகர் இத்துணைத் தாமதமாகப் பிறப்பது சிலருக்குச் சலிப்பைத் தரக்கூடும். என் நண்பர் ஒருவர், ‘முதற்பகுதியைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம்’ என்று சொன்னதுண்டு. அக்கருத்தோடு நான் உடன்படேன். ‘நான்’ என்பதற்கு முன்னரே ஊர் இருந்தது, பாட்டு இருந்தது, கடன் இருந்தது, நன்றி இருந்தது என்பதை அவ்வியல்கள் உணர்த்துகின்றன. மரத்தைக் காட்டுமுன் மண்ணைக் காட்டுவது போன்றது அது. மண்ணைத் தள்ளிவிட்டுப் படிப்போருக்கு மரத்தின் இயல்பு விளங்காது.

இரண்டு வேட்கைகள்

ஐயரவர்களை ‘தமிழுக்கென்றே பிறந்தவர்’ என்று மேடைகளில் சொல்வதுண்டு. அவர் நூல் அவ்வாறு சொல்லவில்லை. அவர் பிறந்து வளர்ந்த வீடு இசை வீடு. தந்தையார் வேங்கடசுப்பையர் இசையோடு இராமாயணம் சொல்லி, கேட்போர் மனமுவந்து தரும் நெல்லாலும் பொருளாலும் குடும்பத்தை நடத்தியவர். தம் குலச்செல்வமான இசையை மகனும் பெற வேண்டும் என்பதே அவர் விருப்பம். மகனுக்கும் இசையில் ஈடுபாடு இருந்தது. அது கட்டாயத்தால் வந்ததன்று, தாய்ப்பாலோடு வந்தது.

அவ்வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் நூல்களின்மேல் காதல் பிறந்தது அரியிலூரில். அங்கே சடகோபையங்கார் என்னும் ஆசிரியர் பாடஞ்சொன்ன முறையே தமக்குத் தமிழ்ச்சுவையை ஊட்டியது என்று ஐயரவர்கள் நன்றியோடு நினைவுகூர்கிறார். பின்னர்க் குன்னத்திலும் கார்குடியிலும் செங்கணத்திலும் கிடைத்த ஆசிரியர்களிடம் கிடைத்ததைக் கற்றார். ஒருவரிடம் ஒரு நூல். அவருக்குத் தெரிந்தது முடிந்ததும் அடுத்த ஊரில் அடுத்தவர். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை கேட்டது அவ்வகையிலேதான். பாடத்திட்டமும் கால அட்டவணையும் இல்லாத அக்கல்விக்கு வேட்கை ஒன்றே வழிகாட்டியாக இருந்தது.

இவ்விடத்தில் உறவினர் சொன்ன அறிவுரையையும் அவர் மறைக்காமல் பதிவு செய்துள்ளார். ஆங்கிலம் கற்றால் இவ்வுலக வாழ்வுக்கு உதவும். வடமொழி கற்றால் மறுமைக்கு உதவும். தமிழால் இரண்டுமில்லை என்பது அவ்வறிவுரையின் சாரம். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. முதலாம் ஆண்டுப் பதிவுக்கு வரும் பெற்றோர் என் அலுவலக நாற்காலியில் அமர்ந்து, ‘தமிழ்ப்பள்ளியில் படித்தால் பிள்ளைக்குப் பிறகு என்ன வேலை கிடைக்கும் ஐயா?’ என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்த உறவினரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வேன். அவர் கெட்டவர் அல்லர். பிள்ளையின் நலம் நாடியவர். என் முன் அமரும் பெற்றோரும் அத்தகையோரே. ஆதலால் அவர்களை இகழ்ந்து பேசிப் பயனில்லை.

தந்தையார் செய்த செயலைத்தான் நாம் ஊன்றி நோக்க வேண்டும். மகன் இசைவல்லவனாக வேண்டும் என விரும்பிய அவர், மகனின் உள்ளம் தமிழை நாடுவதைக் கண்டபோது, தமிழாசிரியர் எங்கே கிடைப்பார் என்று தேடி ஊர்விட்டு ஊர் குடிபெயர்ந்தார். வறுமையும் கடனும் உடன் வந்தன. தம் விருப்பத்தை அவர் கைவிட்டாரா என்றால், இல்லை. இசையும் கற்க வேண்டும் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார். தம் விருப்பத்தை வைத்துக்கொண்டே பிள்ளையின் விருப்பத்திற்கும் வழிவிட்டார். இவ்விரண்டையும் ஒருசேரச் செய்வது பெற்றோருக்கு எத்துணை அரிது என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் நன்கறிவர்.

பெயரும் இழப்பும்

1871ஆம் ஆண்டு, வயது பதினேழு நடந்துகொண்டிருந்தபோது, மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் அவர் மாணவராகச் சேர்ந்தார். அங்கே நிகழ்ந்த இரண்டு செய்திகள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவை.

முதலாவது, பெயர் மாற்றம். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் வழங்கிய செல்லப்பெயர் சாமிநாதன். அதனைச் சுருக்கிச் சாமா என்பர். பிள்ளையவர்கள், வேறு பெயர் உண்டா என்று கேட்டறிந்து சாமிநாதன் என்று அழைக்கத் தொடங்கினார். அப்பெயரே நிலைத்துவிட்டது. இது புதிதாகச் சூட்டிய பெயர் அன்று என்பதைக் கவனித்தல் வேண்டும். வீட்டுக்குள் வழங்கிய பெயரை ஆசிரியர் வெளியே கொண்டுவந்தார், அவ்வளவே. நல்லாசிரியர் செய்யக்கூடியதும் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைக்குள் ஏற்கெனவே இருப்பதைக் கேட்டறிந்து, உலகறிய அழைப்பதே அவர் பணி.

இரண்டாவது, இசையை விட்ட செய்தி. மாயூரத்தில் அப்போது ‘நந்தனார் சரித்திர’க் கீர்த்தனைகளைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்திருந்தார். தந்தையாரின் விருப்பத்தோடு மாணவர் அவரிடமும் சென்று இசை பயின்று வந்தார். பிள்ளையவர்களுக்கு இது தெரிய வந்தபோது, இசைப்பழக்கம் மிகுந்தால் இலக்கிய இலக்கணப் பயிற்சி தடைப்படும் என்று குறிப்பாகச் சொன்னார். மாணவர் இசைப்பயிற்சியை நிறுத்திவிட்டார்.

இந்நிகழ்ச்சியை ஐயரவர்கள் ஆரவாரமின்றிச் சொல்கிறார். ஆசிரியரைக் குறைகூறவில்லை, தம் இழப்புக்காகப் புலம்பவும் இல்லை. இங்கே திறனாய்வாளர் ஒரு வினா எழுப்புதல் வேண்டும். பிள்ளையவர்கள் செய்தது சரியா? அவரைக் குருபத்தியின் காரணமாக நியாயப்படுத்திவிடுவது எளிது. இன்றைய உளவியல் கொண்டு குற்றஞ்சாட்டுவதும் எளிது. விடை நூலுக்கு வெளியே, ஐயரவர்களின் பிற்கால எழுத்தில் இருக்கிறது. எண்பதைக் கடந்த பின், 1936இல், கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய இசைப்பெரியார் மூவரின் வரலாறுகளையும் அவர் எழுதி வெளியிட்டார். பதினேழு வயதில் நிறுத்திய பாட்டு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பிள்ளைப் பருவ வேட்கை அடக்கப்படலாம், அழிவதில்லை. எனினும், அடங்கிய வேட்கையெல்லாம் இவ்வாறு நல்வழியில் மீண்டும் தலைகாட்டும் என்று நாம் நம்பிவிடலாகாது. அவருக்கு வாய்த்த பயிற்சி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இதனை நான் அச்சத்தோடே எழுதுகின்றேன். ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எந்நேரமும் மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருப்பான். அவன் சிற்றப்பா தைப்பூசத்துக்கு உருமி மேளம் வாசிக்கும் குழுவில் இருந்தவர். தேர்வு நெருங்கிய நேரம். ஒருநாள் பிரம்பால் அவன் விரல்களில் அடித்து, ‘இந்தக் கை எழுதுவதற்கு, கொட்டுவதற்கு அன்று’ என்றேன். அவன் தட்டுவதை நிறுத்திவிட்டான். வகுப்பு அமைதியானது. வாய்திறந்து பதில் சொல்வதையும் அவன் ஏறக்குறைய நிறுத்திவிட்டதை நான் கவனித்தது மிகவும் பிந்தித்தான். பிள்ளையவர்கள் தம் மாணவரிடமிருந்து ஒன்றை விலக்கியபோது அதற்கு ஈடாகத் தம் கல்வி முழுவதையும் தந்தார். நான் எதைத் தந்தேன்?

பாரதியாரின் மறுப்பு

ஐயரவர்களின் நூலை மட்டும் வைத்துக்கொண்டு, வேட்கையும் வளர்ப்பும் எப்போதும் இணங்கியே செல்லும் என்று முடிவு கட்டுதல் பிழையாகும். அதற்கு மறுதலையாக நிற்பது மகாகவி பாரதியாரின் ‘கனவு’ என்னும் செய்யுள் தன்வரலாறு. 1910இல் வெளிவந்த அப்படைப்பில், மற்றச் சிறுவர்கள் ஓடியாடி விளையாட, தாம் தந்தையாரின் ஆணைக்கு அஞ்சி ஏட்டோடு தனித்திருந்த ஏக்கத்தைக் கவிஞர் பாடுகிறார். நெல்லைக்கு ஆங்கிலம் பயிலச் சென்றதைத் தம் இயல்புக்கு மாறான செயலாகச் சினத்தோடு சொல்கிறார். தந்தையார் சின்னச்சாமி ஐயர் கணக்கிலும் எந்திரத் தொழிலிலும் நாட்டமுடையவர். மகனும் அவ்வழியில் வரவேண்டும் என எண்ணியவர். மகனுக்கோ உள்ளமெல்லாம் கவிதை. ஐந்து வயதில் தாயை இழந்த பிள்ளைக்கு அக்கவிதையே துணையாயிற்று. பதினோராம் வயதிலேயே எட்டயபுரத்தில் ‘பாரதி’ என்னும் பட்டமும் கிடைத்துவிட்டது.

இரண்டு பிள்ளைகளுக்கும் பெயர் தந்தது தமிழே. ஆனால், தம் பிள்ளைமையை இருவரும் நோக்கும் நோக்கு முற்றிலும் வேறு. ஐயரவர்கள் நன்றியோடு நோக்குகிறார். பாரதியார் சினத்தோடும், ‘சின்னச் சங்கரன் கதை’யில் சிரிப்போடும் நோக்குகிறார். முற்றுப்பெறாத அக்கதையில், சமீன் அவையில் பொழுதுபோக்கான பாட்டுக் கட்டிப் பெருமை தேடிய சிறுவனை அவர் எள்ளி நகையாடுவது தம்மையே நகையாடுவதாகும். தம் வேட்கையைப் போற்றிய சூழலையும்கூட அவர் ஐயுற்றார். புகழ்ந்து கைதட்டும் கூட்டம் பிள்ளையின் வேட்கையை வளர்ப்பது போலவே கெடுக்கவும் கூடும் என்பதை அவர் கண்டிருந்தார். பள்ளியிலேயே பரிசும் கேடயமும் வழங்கிப் பிள்ளைகளை மேடையேற்றும் நாம் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே, நன்றி ஒன்றே தன்னறிவுக்கு வழி என்று சொல்வதற்கில்லை. வளர்ப்போடு முரணிப் போராடியும் ஒருவன் தன்னை அறியலாம். ஆனால், போராடுவதற்கும் எதிரே ஒரு மரபு நிற்க வேண்டும். ஒன்றையும் பெறாத பிள்ளை எதனோடு போராடுவான்?

ஒரு வினா செய்த மாற்றம்

வேட்கையும் வளர்ப்பும் சேர்ந்து ஒருவரை உருவாக்கிவிட்டால் அத்தோடு தேடல் முடிந்துவிடுகிறதா? முடிவதில்லை என்பதே ‘என் சரித்திர’த்தின் தலைசிறந்த பகுதி நமக்குக் கற்பிப்பதாகும்.

1876இல் பிள்ளையவர்கள் மறைந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் வளர்ந்த மாணவர், தியாகராச செட்டியாரின் முயற்சியால் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். வயது இருபத்தைந்து. பதவியும் மதிப்பும் வந்துவிட்டன. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று தாம் கற்றவற்றையெல்லாம் அடுக்கினார். முதலியாருக்கு அவற்றால் நிறைவு ஏற்படவில்லை. அவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியைக் குறிப்பிட்டார்.

தம் தன்மதிப்பின் அடித்தளத்தையே அசைத்த வினா அது. தாம் இன்னார் என்று இருபத்தைந்து ஆண்டுகளாக எண்ணியிருந்ததன்மேல் ஒருவர் ஐயம் எழுப்பும்போது இருவகையில் எதிர்கொள்ளலாம். சினந்து ஒதுங்கலாம், அல்லது தாழ்ந்து கற்கலாம். ஐயரவர்கள் இரண்டாவது வழியை மேற்கொண்டார். இதற்கு அவருக்கு உதவியது பிள்ளைப் பருவத்தில் பெற்ற நூலறிவு அன்று. செங்கணத்தில் ஒருவர், கார்குடியில் ஒருவர் என்று, தெரிந்தவர் எவராயினும் அவர் முன் அமர்ந்து கேட்கும் பழக்கமே உதவியது. வேட்கை அவருக்குத் தந்த நூல்கள் போதாமற்போயின. வளர்ப்புத் தந்த பணிவு போதுமானதாயிற்று.

சிந்தாமணி சமண நூல். சைவ மடத்தில் பயின்றவருக்கு அதன் கருத்துகள் பல விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணரைத் தேடிச் சென்று ஐயம் தெளிந்தார். அவர்கள் வீடொன்றில் ஒருநாள் மாக்கோலமும் தோரணமும் கண்டு என்ன விழா என்று கேட்க, சிந்தாமணி படித்து நிறைவேறிய விழா என்று அவர்கள் கூறிய செய்தியை நூலில் வியப்போடு எழுதுகிறார். தாம் ஏட்டில் எழுத்தாகக் கண்டு திணறிய நூல், அண்டை வீட்டில் வழிபாட்டுப் பொருளாக வாழ்ந்துகொண்டிருந்தது. 1887இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் தொடர்ந்தன.

தன் பண்பாட்டில் ஊன்றி வளர்ந்த பிள்ளை பிறர் பண்பாட்டை வெறுப்பான் என்று அஞ்சுவோர் நம் நாட்டிலும் உளர். பல இனமும் பல சமயமும் கூடி வாழும் மலேசியாவில் அவ்வச்சம் இயல்பானதே. ஐயரவர்களின் வாழ்க்கை அதற்குத் தக்க விடையாகும். அவர் சைவ ஒழுக்கத்தைக் கைவிட்டுச் சமண நூலைப் பயிலவில்லை. அதில் நின்றுகொண்டே பயின்றார். வேரூன்றியவன் கிளையை அடுத்த வீட்டு முற்றம் வரை நீட்டலாம்.

நூலின் குறைகள்

திறனாய்வு என்பது பாராட்டோடு நின்றுவிடலாகாது. இந்நூலில் தந்தையார் பெறும் இடத்தைத் தாயார் சரசுவதி அம்மையார் பெறவில்லை. மனைவியாரைப் பற்றிய செய்தி இன்னும் குறைவு. ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபோது அடுப்பைப் புதிதாக மூட்டியவர்கள் அவர்களே. அவர்கள் பாடிய தாலாட்டும், சொன்ன கதையும், பொறுத்த பசியும் ஒரு பிள்ளையின் தன்னறிவில் கலக்காமல் இருந்திருக்க முடியாது. அவற்றை நாம்தாம் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஐயரவர்களுக்கு வாய்த்த திண்ணையும் ஆசிரியரும் ஏடும் அக்காலத்துத் தமிழ்மக்கள் அனைவர்க்கும் வாய்த்தவை அல்ல. 1871இல் அவர் மாயூரத்தில் பாடங்கேட்கத் தொடங்கினார். அதே சோழநாட்டின் நாகைத் துறைமுகத்திலிருந்து, அதே ஆண்டுகளில், கூலிகளாகப் பெயர் எழுதப்பெற்ற தமிழர் கப்பலேறிப் பினாங்குக்கு வந்துகொண்டிருந்தனர். அவர்களிலும் பதினேழு வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கும் ஏதேனும் ஒரு பாட்டு, ஒரு கூத்து, ஒரு கைவேலை உள்ளத்தில் இனித்திருக்கும். அவர்களில் ஒருவர்கூடத் தம் சரித்திரத்தை எழுதவில்லை. எழுத யாரும் கற்பிக்கவில்லை. நம் பள்ளிகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் அந்த எழுதப்படாத சரித்திரங்களின் வழித்தோன்றல்கள்.

இதனை ஐயரவர்களின் குறையாகச் சொல்லவில்லை. தம் ஊரை அவர் எழுதினார். நம் ஊரை நாம் எழுதவில்லை. குறை நம்முடையது.

நாம் செய்யத்தக்கது

‘நான்’ என்னும் கட்டுரையைக் கடந்த சில ஆண்டுகளாக என் பள்ளியில் வேறுவிதமாக எழுதச் சொல்லி வருகின்றேன். பிறந்த நாளிலிருந்து தொடங்கக்கூடாது என்பது முதல் விதி. ஐயரவர்கள் செய்ததைப் போல ஊரிலிருந்தோ, பாட்டனிலிருந்தோ, பாட்டியிலிருந்தோ தொடங்க வேண்டும். வீட்டிலுள்ள முதியவரிடம் மூன்று வினாக்களைக் கேட்டு வர வேண்டும்: சிறு வயதில் உங்களுக்கு எது மிகவும் பிடிக்கும்? அதை யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஏன் விட்டீர்கள்?

மூன்றாம் வினாவுக்கு வந்த விடைகள் என்னை உறங்கவிடவில்லை. தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேடங்கட்டிய பாட்டனார், தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் கலைந்ததும் வேடத்தை விட்டிருக்கிறார். பால்மரக் காட்டில் விடியற்காலையில் பாடிக்கொண்டே மரம் சீவிய பாட்டியார், அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த பின், அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகுமே என்று பாட்டை விட்டிருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்கு அதுவரை இச்செய்திகள் தெரியா. கேட்ட பின், ஒரு மாணவி தன் ஏட்டில், தனக்கும் பாடப் பிடிக்கும் என்றும், அது எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது என்றும் எழுதியிருந்தாள். மருத்துவர் ஆகவேண்டும் என்பதையும் அவள் கைவிடவில்லை. இறுதிப் பத்தியில் அதுவும் இருந்தது. இருக்கட்டும். பாடும் மருத்துவராக இருப்பதில் தவறென்ன?

ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வை முன்னிட்டு மேசைத் தாளத்தை நிறுத்தினேன் என்று இனி எந்த ஆசிரியரும் சாக்குச் சொல்ல இயலாது. பிள்ளையின் உள்ளம் எதை நாடுகிறது என்று கேட்பதற்கு நமக்கு இப்போது நேரம் இருக்கிறது. நேரம் மட்டும் போதாது. வேங்கடசுப்பையரைப் போலத் தம் விருப்பத்தோடு பிள்ளையின் விருப்பத்தையும் சுமக்கும் பெற்றோரும், பிள்ளையவர்களைப் போல உள்ளே வழங்கும் பெயரைக் கேட்டறியும் ஆசிரியரும், முதலியாரைப் போலக் கற்றது போதாது என்று அஞ்சாமல் சொல்லும் பெரியவரும் வேண்டும். ஒருவன் தன்னை அறிவது தனியனாக நின்று செய்யும் காரியம் அன்று என்பதே ‘என் சரித்திர’த்திலிருந்து நான் பெற்ற பாடம்.

உருமி மேளச் சிற்றப்பாவின் அண்ணன் மகனை மூன்றாண்டுகளுக்கு முன் தைப்பூசத்தன்று கோயில் வாயிலில் கண்டேன். தலையில் நரை ஓடியிருந்தது. தோளில் சிறு பெண்குழந்தை. மேளக் குழு கடந்து சென்றபோது குழந்தையின் கால்கள் அவன் மார்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. என்னை அடையாளம் கண்டு, ‘வணக்கம் ஐயா’ என்றான். விரல்களைப் பார்த்தேன்; ஒன்றும் சொல்ல வரவில்லை. பிறகு, ‘பிள்ளைக்குத் தாளம் நன்றாக வருகிறதே’ என்றேன். ‘ஆமாம் ஐயா, தடுக்கவே முடியவில்லை’ என்று சிரித்தான். ‘தடுக்காதே’ என்றேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதை இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அவன் மகளுக்காகச் சொன்னேன். அவள் அடுத்த ஆண்டு என் பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்கிறாள்.